உப்பு ஏரிக்குள் ஒரு சுருள்: நிலவியல் காலத்தை நம்பிய கலையும் வற்றும் நீரும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் ஏரியின் வடகிழக்குக் கரையில் ரோசெல் முனை என்றோர் இடம் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் அங்கே 6,000 டன்னுக்கும் மேற்பட்ட பசால்ட் எரிமலைப் பாறையையும் மண்ணையும் கொட்டி, கரையிலிருந்து நேராக நீருக்குள் சென்று பின்னர் இடஞ்சுழியாகச் சுருளும் ஒரு மேட்டுப்பாதையை அமைத்தார். ‘ஸ்பைரல் ஜெட்டி’ என்று அவர் பெயரிட்ட அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 457 மீட்டர், அகலம் 4.6 மீட்டர். நிலத்தையே பொருளாகவும் களமாகவும் கொண்டு 1960களின் இறுதியில் எழுந்த நிலக்கலை இயக்கத்தின் படைப்புகளில் இதைவிட அதிகம் பேசப்பட்டது வேறில்லை. அமைக்கப்பட்டபோது அதைச் சூழ்ந்திருந்தது சிவந்த உப்புநீர். இன்றோ நீரின் விளிம்பு சுருளை விட்டு நெடுந்தொலைவு விலகிவிட்டது. காய்ந்த உப்புப் படுகையின் மேல் பாறைகள் மட்டும் கிடக்கின்றன.

இந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். காலப்போக்கில் நிலம் மாறும், அந்த மாற்றத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் படைப்பே உயர்ந்தது என்று ஸ்மித்சன் நம்பினார். ஆனால் அவர் நம்பியிருந்த நிலவியல் காலத்தை முந்திக்கொண்டு, மனிதர்கள் எழுதும் நீர்ப்பங்கீட்டுக் கணக்கு அந்த ஏரியை மாற்றிவிட்டது. நிலவியலிலிருந்து ஊக்கம் பெறும் இன்றைய கலை முழுவதும் இந்தச் சிக்கலுக்குள்தான் இயங்குகிறது என்பது என் கருத்து. அதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் ரோசெல் முனை.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனியூழிக் காலத்தில் இன்றைய யூட்டாவின் மேற்குப் பகுதியைப் போனவில் என்ற பெரும் நன்னீர் ஏரி மூடியிருந்தது. அது உச்சத்தில் இருந்தபோது அதன் பரப்பு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். ஆழமான இடங்களில் 300 மீட்டர் வரை நீர் நின்றது. வடக்கே இயற்கையான மண்தடுப்பு உடைந்து பெருவெள்ளமாக ஒரு பகுதி வெளியேறியது. பின்னர் தட்பவெப்பம் வறண்டு மிச்சமும் சுருங்கியது. சால்ட் லேக் சிட்டிக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில் படிக்கட்டுகளைப்போல் அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகள் அந்தப் பழைய ஏரியின் கரைத்தடங்கள்தாம். எஞ்சிய நீரே இன்றைய உப்பு ஏரி. பேர், வீபர், ஜோர்டான் ஆகிய மூன்று ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன. அதிலிருந்து எந்த ஆறும் கடலுக்குச் செல்வதில்லை. வந்த நீர் வானுக்கு ஆவியாகிறது, அது சுமந்துவந்த உப்பு தங்கிவிடுகிறது.

இத்தகைய வடிகாலற்ற ஏரியில் வரவும் ஆவியாதலும் மட்டுமே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஏரி மிகவும் தட்டையானது என்பதால் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலும் கரை பல கிலோமீட்டர் பின்வாங்கும். 1963இல் அதன் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,277.5 மீட்டர் என்ற அளவுக்குத் தாழ்ந்தது; 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் 1,283.8 மீட்டருக்கு உயர்ந்தது. ஆறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்த வேறுபாட்டில் ஏரியின் பரப்பு மூன்று மடங்குக்கும் மேலாக விரிந்தது. ஸ்மித்சன் வேலையைத் தொடங்கிய 1970இல் ஏரி இன்னும் தாழ்நிலையில்தான் இருந்தது. சுருள் நீருக்கு வெளியே தெரிய வேண்டுமானால் மட்டம் சுமார் 1,278.6 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் படைப்பின் பிற்கால வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

ஸ்மித்சனை அங்கே ஈர்த்தது நிறம். பொலிவியாவின் சிவந்த உப்பு ஏரிகளைப் பற்றிப் படித்திருந்த அவர், அதைப்போன்ற நீர் தம் நாட்டில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கிரேட் சால்ட் ஏரியின் வடபகுதி தக்காளிச் சாறுபோல் சிவந்திருக்கும் என்று கேள்விப்பட்டு வந்தார். அந்தச் சிவப்பை உண்டாக்குவன, மிகு உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்களும் பாசிகளும். கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம் என்றால், ஏரியின் வடபகுதியில் அது 25 சதவீதத்தைத் தாண்டும். இனிமேல் கரையாது என்னும் நிலையை நெருங்கும். மீன்களால் அங்கே வாழ இயலாது.

இவ்வளவு உப்பு வடக்கே மட்டும் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு ரயில்பாதை. ஏரியின் குறுக்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக்கால்கள்மேல் அமைக்கப்பட்டிருந்த பாதைக்கு மாற்றாக, 1959இல் பாறைகளை நிரப்பிய திடமான கரைமேடு ஒன்று எழுப்பப்பட்டது. மூன்று ஆறுகளும் அந்த மேட்டுக்குத் தெற்கே கலப்பதால் நன்னீர் தென்பகுதியிலேயே நின்றுவிட, வடபகுதி மேலும் மேலும் உப்பேறியது. இன்று விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, கோடு போட்டதுபோல ஒருபுறம் நீலப்பச்சையும் மறுபுறம் இளஞ்சிவப்பும் தெரியும். ஸ்மித்சனின் படைப்பைப் பற்றி எழுதுபவர்கள் அந்தச் சிவந்த நீரைப் பூமியின் ஆதிநிலையோடு ஒப்பிடுவது வழக்கம். அப்போது பதினோரு ஆண்டுகள் மட்டுமே ஆகியிருந்த ஒரு ரயில் நிறுவனப் பொறியியல் வேலையே அந்த ஆதிநிலையை அவ்வளவு அடர்த்தியாக்கியது என்பதை அவர்கள் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். இந்த ஏரியில் இயற்கையையும் தொழிலையும் பிரித்துப் பேசுவது 1970இலேயே கடினமாகிவிட்டிருந்தது.

ஸ்மித்சன் 1938இல் நியூஜெர்சி மாநிலத்தின் பசேயிக் நகரில் பிறந்தவர். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சிறுவயதிலிருந்தே அவருக்குத் தீராத ஈடுபாடு இருந்தது. புதைபடிவங்கள், படிகங்கள், பாறை அடுக்குகள் ஆகியவையே அவருடைய முதல் பாடங்கள். 1968இல் அவர் செய்யத் தொடங்கிய ‘நான்-சைட்’ என்ற வரிசைப் படைப்புகளில், சுரங்கக் குப்பைமேடுகளிலிருந்தும் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்தும் அள்ளிவந்த கற்களை உலோகத் தொட்டிகளில் இட்டு, அந்த இடத்தின் வரைபடத்தோடு சேர்த்துக் கலைக்கூடத்தில் வைத்தார். பார்வையாளர் முன்னே கல் இருந்தது. அது பெயர்க்கப்பட்ட இடம் எங்கோ தொலைவில் இருந்தது. அருங்காட்சியகத்தில் நிலவியல் மாதிரிகளைக் காணும்போது யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வியை, அதாவது இந்தக் கல் இங்கே இருக்கும்போது அந்த மலையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை, அவர் கலையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்.

அவருடைய சிந்தனையின் ஆணிவேர் என்ட்ரோபி என்ற வெப்ப இயக்கவியல் கருத்து. ஒழுங்கு குலைந்து எல்லாம் ஒரே சீராகக் கலந்துவிடும் போக்கைக் குறிக்கும் அந்தக் கருத்தை, அவர் நகரங்களுக்கும் கட்டடங்களுக்கும் மனித மனத்துக்கும் பொருத்திப் பார்த்தார். மனமும் பூமியும் ஒரேபோல அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்பது 1968இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றின் மையக்கருத்து. சிலை என்றால் நிலைத்து நிற்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பை அவர் முற்றாகக் கைவிட்டதற்கு இதுவே அடிப்படை.

ரோசெல் முனையில் வேலையைச் செய்து கொடுத்தவர் ஆக்டன் நகரைச் சேர்ந்த பாப் பிலிப்ஸ் என்ற ஒப்பந்ததாரர். இரண்டு டிப்பர் லாரிகள், ஒரு டிராக்டர், ஒரு லோடர் ஆகியவற்றைக் கொண்டு கரையோரத்துப் பாறைகளைப் பெயர்த்து நீரில் கொட்டினார்கள். உப்புப் படலத்துக்கு அடியில் இருந்த சேற்றில் கனரக வண்டிகள் புதைந்துவிடும் அபாயம் எப்போதும் இருந்தது. முதலில் அமைக்கப்பட்டது முழுச் சுருள் அன்று; முனையில் வளைந்த, கொக்கி போன்ற எளிய வடிவமே. அது நிறைவளிக்காததால் சில நாட்களில் ஸ்மித்சன் அவர்களை மீண்டும் அழைத்து, பாறைகளை இடம்மாற்றி, இப்போது நாம் அறியும் சுருளை உருவாக்கினார். செலவுக்குத் துணைநின்றவர் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திவந்த வர்ஜீனியா டுவான். ஏரிப்படுகை மாநில அரசுக்கு உரியது என்பதால், அந்த இடம் ஆண்டுக்கு 100 டாலர் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது.

சுருள் வடிவத்துக்கு ஸ்மித்சன் தந்த விளக்கங்கள் இரண்டு. ஏரியின் அடியில் ஒரு பெரும் நீர்ச்சுழல் இருக்கிறது, அது நிலத்தடி வழியாகப் பசிபிக் கடலோடு சேர்கிறது என்று அந்த வட்டாரத்தில் நிலவிய பழங்கதை ஒன்று. மற்றொன்று முழுக்க அறிவியல் சார்ந்தது: உப்புப் படிகம் வளரும்போது அதன் அணிக்கோவையில் ஒரு பிறழ்வு ஏற்பட்டால், அந்தப் புள்ளியைச் சுற்றித் திருகாணிபோல் அடுக்கடுக்காகச் சுருண்டு வளரும். பாறைகளின் விளிம்பில் படியும் ஒவ்வொரு உப்புத் துணுக்கும் தன்னைச் சுமக்கும் பேருருவத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் திரும்பச் சொல்கிறது என்று அவர் கருதினார். கண்ணுக்கெட்டாத சிறுமைக்கும் அளக்க முடியாத பெருமைக்கும் இடையே இப்படி ஒரு பாலம் போட்டதில்தான் ஸ்மித்சனின் கற்பனை உச்சத்தைத் தொட்டது என்று நினைக்கிறேன். அதே ஆண்டில் அவர் எடுத்த 32 நிமிடப் படத்தில், லாரிகள் பாறை கொட்டும் காட்சிகளுக்கு நடுவே அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூடுகள் சிவப்பு வடிகண்ணாடி வழியாக வந்துபோகின்றன. இறுதியில் அவரே சுருளின் மேல் ஓடிச் சென்று மையத்தில் நிற்பதை ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிச் சுற்றிப் படம்பிடிக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஏரி உயர்ந்து சுருளை மூடிவிட்டது. 1973 ஜூலை 20 அன்று, டெக்சாஸ் மாநிலத்தில் அடுத்த படைப்புக்கான இடத்தை வானிலிருந்து பார்வையிட்டபோது சிறுவிமானம் விழுந்து ஸ்மித்சன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அவருடைய தலைசிறந்த படைப்பு இடையிடையே சிறிது காலம் தவிர, நீருக்கடியிலேயே கிடந்தது. கலை மாணவர்களுக்கு அது ஒரு புகைப்படமாகவும் திரைப்படமாகவும் மட்டுமே கிடைத்தது. 1980களின் பெருவெள்ளத்தில் அதன்மேல் சுமார் ஐந்து மீட்டர் நீர் நின்றது. நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் மூழ்குவதைத் தடுக்க, மாநில அரசு சுமார் 60 மில்லியன் டாலர் செலவில் ராட்சதப் பம்புகளை நிறுவி, ஏரிநீரை மேற்கே பாலைவனத்துக்கு இறைத்தது. நீர் மிகுதியாக இருக்கிறது என்பதே அன்றைய கவலை.

2002இல் வறட்சியின் விளைவாகச் சுருள் வெளிப்பட்டது. கறுத்த பாறைகள் முழுவதும் உப்புப் பூத்து வெள்ளையாகியிருந்தன. படைப்பை 1999இல் ஸ்மித்சனின் மனைவியும் கலைஞருமான நான்சி ஹோல்ட்டின் ஒப்புதலோடு நன்கொடையாகப் பெற்றிருந்த நியூயார்க்கின் டியா கலை நிறுவனம் அப்போது ஒரு கடினமான கேள்வியை எதிர்கொண்டது. மண் அரித்துச் சுருள் தாழ்ந்திருக்கிறது. மேலும் பாறை கொட்டி உயர்த்தினால் அடுத்த முறை ஏரி எழும்போதும் அது தெரியும். ஸ்மித்சனே தம் காலத்தில் அப்படி உயர்த்துவதைப் பற்றி யோசித்ததாகச் சொல்லப்பட்டது. ஆனால் சிதைவைத் தன் உள்ளடக்கமாகக் கொண்ட படைப்பைச் சிதைவிலிருந்து காப்பது அதைக் காப்பதாகுமா? நிறுவனம் கல் எதையும் சேர்க்கவில்லை. மாறாக, கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தின் துணையோடு, பலூனில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு மேலிருந்து படமெடுக்கும் எளிய முறை ஒன்று உருவாக்கப்பட்டது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவங்களில் எடுக்கப்படும் அந்த வான்படங்கள் சுருளும் நீரும் உப்பும் எப்படி இடம்பெயர்கின்றன என்பதைப் பதிவு செய்கின்றன. ஓவியத்தைப் பழுதுபார்ப்பவர்களின் வேலை இங்கே நிலஅளவையாளரின் வேலையாக மாறியதைக் கவனிக்க வேண்டும்.

2008இல் ரோசெல் முனைக்கு அப்பால் ஏரிக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் திட்டம் ஒன்று வந்தது. ஹோல்ட்டின் மின்னஞ்சல் பரவி, ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் மாநில அரசுக்குச் சென்றன, திட்டம் நிறைவேறவில்லை. அந்த இடத்தில் எண்ணெய்த் தேடல் புதிதன்று. நிலத்தடித் தார் அங்கே தானாகக் கசிந்து வெளியேறுகிறது. முந்தைய முயற்சிகளின் துருப்பிடித்த எச்சங்களை ஸ்மித்சனே கண்டு, தாம் அங்கே வேலை செய்ய விரும்பியதற்கான காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறார்.

இனி வற்றுதலுக்கு வருவோம். 2021 ஜூலையில் ஏரி 1963ஆம் ஆண்டின் தாழ்நிலையை முறியடித்தது. 2022 நவம்பரில் மட்டம் சுமார் 1,276.7 மீட்டருக்கு இறங்கியது. அளவிடத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இவ்வளவு தாழ்ந்ததில்லை. வறட்சியும் வெப்ப உயர்வும் இதற்குக் காரணம் என்றாலும், ஆறுகள் ஏரியை அடையும் முன்பே திருப்பிவிடப்படும் நீரே முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த நீரின் பெரும்பங்கு வேளாண்மைக்கு, அதிலும் குறிப்பாகக் கால்நடைத் தீவனமான குதிரைமசாலுக்கும் புல்லுக்கும் செல்கிறது. நகரங்களின் புல்வெளிகளும் தாது பிரித்தெடுக்கும் தொழிலும் எஞ்சியதில் பங்கு கொள்கின்றன. இதே வேகத்தில் இழப்பு தொடர்ந்தால் ஐந்தாண்டுகளில் ஏரி இல்லாமற்போகும் என்று, பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று தயாரித்து 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. அந்தக் குளிர்காலத்தில் பெய்த அசாதாரணப் பனி ஏரியைச் சற்று உயர்த்தி அவகாசம் தந்தது. ஆனால் வரவைவிடச் செலவு மிகுதி என்ற அடிப்படைக் கணக்கு மாறிவிடவில்லை.

வெளிப்பட்ட படுகையில் ஆர்சனிக் உள்ளிட்ட நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. காற்றில் எழும் அந்தத் தூசி ஏரியை ஒட்டி வாழும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் நுரையீரலுக்குள் செல்லக்கூடியது. ஏரியின் உப்புநீர் இறாலையும் ஈக்களையும் நம்பி ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி பறவைகள் வந்துபோகின்றன. இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சிற்பத்தின் நிலை சிறிய விஷயம்தான். ஆயினும் சிற்பம் ஒன்றைச் செய்திருக்கிறது: ஏரி எவ்வளவு பின்வாங்கியது என்பதை, எண்களைப் படிக்காதவர்களுக்கும் கண்ணெதிரே காட்டும் அளவுகோலாக அது ஆகிவிட்டது. சுருளைக் காண வருபவர்கள் முதலில் கேட்பது நீர் எங்கே என்பதுதான்.

ஸ்மித்சனின் சொல்லையே எடுத்து இந்த வற்றுதலை விளக்குபவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சிதையும் என்றுதானே அவர் சொன்னார், ஏரி வற்றுவதும் அந்தச் சிதைவின் ஒரு கட்டம், அதையும் படைப்பு ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்களுடைய வாதம். இதில் வலு இல்லாமலில்லை. இயற்கையைத் தூய்மையானது என்று வணங்கும் மனநிலை ஸ்மித்சனிடம் ஒருபோதும் இருந்ததில்லை. குவாரிகள், குப்பைமேடுகள், பாழான எண்ணெய்த் துரப்பணங்கள் ஆகியவற்றிடையேதான் அவர் நாடிச் சென்று வேலை செய்தார். 1971இல் நெதர்லாந்தின் எம்மன் நகரருகே, இயங்கிக்கொண்டிருந்த மணல் குவாரியில்தான் அவருடைய ‘உடைந்த வட்டம் / சுருள் குன்று’ அமைந்தது. அவர் இன்று உயிரோடிருந்து வறண்ட படுகையைப் பார்த்தால் வருந்தியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது.

இருந்தும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என்ட்ரோபி யாருடைய முடிவும் அன்று. எவரும் கையெழுத்திட்டு அதை நடத்துவதில்லை. ஏரியின் வற்றுதலோ நீர் உரிமைப் பத்திரங்களிலும் பாசன வாய்க்கால்களின் மதகுகளிலும் மாநிலச் சட்டமன்றத்தின் வரவுசெலவிலும் தடம்பிடிக்கக்கூடியது. அதைப் பிரபஞ்ச விதியின் பெயரால் அழைப்பது, முடிவெடுத்தவர்களை அந்த விதியின் பின்னே மறைத்துவிடும். ஸ்மித்சனும் தம் இறுதி ஆண்டுகளில் இந்த வேறுபாட்டை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தார். 1972, 1973 ஆண்டுகளில் அவர் சுரங்க நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, தோண்டி முடிக்கப்பட்ட நிலங்களைக் கலையின் மூலம் மீட்டெடுக்க முன்வந்தார். அவற்றுள் ஒன்று உப்பு ஏரிக்குத் தெற்கே உள்ள பிங்கம் திறந்தவெளிச் செம்புச் சுரங்கத்துக்கான வரைவு. உலகில் மனிதர் தோண்டிய மிகப்பெரிய பள்ளங்களில் அது ஒன்று. பள்ளத்தை மூடி மறைக்காமல், அதன் அடியில் நின்று அதைப் பார்க்கச் செய்யும் திட்டம் அது. எதுவும் நிறைவேறுமுன் அவர் இறந்துவிட்டார். ஆனால் தோண்டியவர்களிடமே பேச வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார் என்பது முக்கியம்.

பிற கலைஞர்கள் நிலவியல் காலத்தோடு வேறு வகைகளில் உறவு கொண்டிருக்கிறார்கள். மைக்கேல் ஹைசர் 1969-70இல் நெவாடாவின் மோர்மன் மேட்டுச்சமவெளியின் விளிம்பில் இரண்டு பெரும் அகழிகளை வெட்டி 2,40,000 டன் பாறையை அகற்றினார். அகற்றியதால் உண்டான வெறுமையே அந்தச் சிற்பம், அதன் சுவர்கள் இன்று சரிந்துகொண்டிருக்கின்றன. இத்தாலியரான அல்பர்ட்டோ புர்ரியின் அணுகுமுறை மனிதருக்கு மிக நெருக்கமானது. சிசிலித் தீவின் பெலிசே பள்ளத்தாக்கை 1968 ஜனவரியில் நிலநடுக்கம் தாக்கியபோது கிபெல்லினா என்ற ஊர் முற்றாக அழிந்தது. மக்கள் வேறிடத்தில் குடியேற்றப்பட்டார்கள். புர்ரி 1984இல் தொடங்கி, பழைய ஊரின் இடிபாடுகளை வெள்ளைக் கான்கிரீட்டால் மூடினார். சுமார் 80,000 சதுர மீட்டர் பரப்பில், ஆள் உயரப் பாளங்களுக்கு இடையே விடப்பட்ட வெடிப்புகள் பழைய தெருக்களின் தடத்தைத் தழுவிச் செல்கின்றன. வறண்ட சேற்றில் காணும் வெடிப்புகளைப் பல ஆண்டுகளாகத் தம் ஓவியங்களில் ஆராய்ந்துவந்தவர் அவர். இங்கே வெடிப்புகள் மனிதர்கள் நடந்த வழிகளாகவே ஆகிவிட்டன. 1989இல் பணம் தீர்ந்து நின்றுபோன வேலை 2015இல்தான் நிறைவடைந்தது.

ஓலாஃபுர் எலியாசன் செய்ததோ காலத்தை வெளிப்படையாக அரசியலாக்கியது. நிலவியலாளர் மினிக் ரோசிங்கோடு சேர்ந்து, கிரீன்லாந்தின் பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்த பனிப்பாளங்களைக் கொண்டுவந்து, 2014இல் கோபன்ஹேகனிலும், 2015இல் காலநிலை மாநாடு நடந்த பாரிசிலும், 2018இல் லண்டனிலும் பொதுவெளியில் வைத்து உருகவிட்டார். பாரிசில் 12 பாளங்கள் கடிகார எண்களைப்போல் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. மக்கள் அவற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். காதை வைத்து, உள்ளே சிறைப்பட்டிருந்த பழங்காலக் காற்றுக்குமிழிகள் வெடிக்கும் ஒலியைக் கேட்டார்கள். அந்தப் படைப்பின் கருத்தில் ஐயத்துக்கு இடமில்லை என்பது அதன் வலிமை. சில நாட்களில் அது தீர்ந்துவிடும் என்பது அதன் எல்லை. ஸ்பைரல் ஜெட்டியிடம் அந்தத் தெளிவு இல்லை. அது ஒரு கருத்தைச் சொல்வதற்காகக் கட்டப்படவில்லை என்பதால்தான், கட்டியவர் எதிர்பார்க்காத ஒன்றை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதனால் காட்ட முடிகிறது.

இந்தப் படைப்புகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குறை உண்டு. ‘ஆளில்லாப் பாலை’ என்று கலைஞர்கள் கருதிய இடங்கள் ஆளில்லாதவை அல்ல. உப்பு ஏரியின் வடபுலம் ஷோஷோன் மக்களின் மரபுநிலம். ஏரிக்கு நீர்தரும் பேர் ஆற்றின் கரையில், 1863 ஜனவரி 29 அன்று அமெரிக்கப் படையினர் அவர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்களத்தின் ஒரு பகுதியை வடமேற்கு ஷோஷோன் குழுவினர் 2018இல் விலைகொடுத்து வாங்கி, அயல் மரங்களை அகற்றி, பழைய ஓடையைச் சீர்படுத்தி வருகிறார்கள். அங்கே சேமிக்கப்படும் நீர் ஏரியைச் சென்று சேர வேண்டும் என்பதும் அவர்களுடைய நோக்கம். இது கலைப்படைப்பு என்று யாரும் உரிமை கோரவில்லை. ஆனால் சுருளைச் சூழ்ந்திருந்த நீரின் எதிர்காலத்துக்காகச் செய்யப்படும் வேலைகளைப் பட்டியலிட்டால், அருங்காட்சியகங்கள் செய்வதைவிட இதற்கு முன்னிடம் தரவேண்டும்.

நான்சி ஹோல்ட்டையும் இங்கே குறிப்பிடுவது நியாயம். அதே யூட்டாவின் மேற்குப் பாலையில் 1973க்கும் 1976க்கும் இடையே அவர் அமைத்த ‘சூரியச் சுரங்கங்கள்’, ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள நான்கு கான்கிரீட் குழாய்கள். கோடை, குளிர்காலச் சூரியத் திருப்ப நாட்களில் எழும் கதிரவனும் விழும் கதிரவனும் அவற்றின் நேர்கோட்டில் வருவார்கள். குழாய்ச் சுவரில் இடப்பட்ட துளைகள் நான்கு விண்மீன் கூட்டங்களின் வடிவில் உள்ளே ஒளியைப் பரப்பும். நிலம் எவ்வளவு மாறினாலும் மாறாத ஒரு காலக்கணக்கை அவர் தேர்ந்துகொண்டார். கணவரின் படைப்பைப்போல அது புகழ்பெறவில்லை. ஆனால் அது எதையும் பெயர்த்தெடுக்காமலே நிலத்தைப் பார்க்கக் கற்றுத்தருகிறது.

சுருளுக்கு நீர் திரும்புமா என்ற கேள்வி மீண்டும் அந்த ரயில் கரைமேட்டிடமே போய் நிற்கிறது. 2016இல் மேட்டில் புதிய திறப்பு ஒன்று வெட்டப்பட்டு, அதன் மேல் பாலம் அமைக்கப்பட்டு, தென்பகுதிநீர் வடக்கே பாய வழி ஏற்பட்டது. திறப்பின் அடியில் ஒரு தாழ்வான தடுப்பணை உண்டு. அதன் உயரத்தை மாற்றினால் இரு பகுதிகளுக்கும் இடையே செல்லும் உப்பின் அளவும் நீரின் அளவும் மாறும். 2022இல் தென்பகுதியின் உப்பு 17 சதவீதத்தைத் தாண்டி, இறாலும் ஈக்களும் அழியும் நிலை வந்தபோது, மாநில அரசு அந்தத் தடுப்பை உயர்த்தியது; 2023 பிப்ரவரியில் ஆளுநரின் ஆணையால் மேலும் உயர்த்தியது. உருகிவரும் பனிநீரைத் தெற்கிலேயே தேக்கிப் பறவைகளின் உணவைக் காப்பது அதன் நோக்கம். அதற்கு விலையாக வடபகுதிக்குச் செல்லும் நீர் குறைந்தது. உயிர்களைக் காக்கச் செய்யப்பட்ட சரியான முடிவு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலே ஆறுகளிலிருந்து எடுக்கப்படும் நீரைக் குறைக்காமல், எஞ்சிய கொஞ்சத்தை எந்தப் பாதிக்குத் தருவது என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஏரியைத் தள்ளியதுதான் தவறு. டியா நிறுவனத்தின் கையில் இருப்பது பாறைகளும் ஏரிப்படுகையின் ஒரு துண்டுக்கான குத்தகையும் மட்டுமே. சுருளைச் சுற்றி எவ்வளவு நீர் நிற்கும் என்பது, தடுப்பணையின் உயரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரிகளிடமும், பேர் ஆற்றுப் பாசனத்தில் எத்தனை வயல்களுக்கு எத்தனை முறை நீர் விடுவது என்று முடிவு செய்பவர்களிடமும் இருக்கிறது.